சுங்கம் வாங்குபவரே சாலைக்கும் பொறுப்பு
செயலி அங்காடிகளும் ஏகபோகமும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஏகபோகம் என்றதும் எஃகு ஆலை, எண்ணெய்க் கிணறு, ரயில்பாதை, வங்கி ஆகியவை நினைவுக்கு வருவது வழக்கம். இன்றைய வகுப்பின் பொருள் தோற்றத்தில் மிகச் சிறியது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைபேசியின் திரையில் விரல்நுனி அளவே உள்ள ஒரு குறி அது. கூகுளின் பிளே ஸ்டோர், ஆப்பிளின் ஆப் ஸ்டோர் என்று அழைக்கப்படும் செயலி அங்காடிகளே அந்தப் பொருள்.

இதைக் கட்சி வகுப்பில் பேச வேண்டிய தேவை என்ன என்று கேட்கப்படலாம். ரயில் பயணச்சீட்டு எடுக்கவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் இன்று செயலி வேண்டும். உணவு விநியோகிக்கும் தொழிலாளிக்கு அன்றைய வேலை செயலி வழியாகவே வருகிறது. அங்கன்வாடி ஊழியர் குழந்தையின் எடையைப் ‘போஷண் டிராக்கர்’ செயலியில் பதிகிறார். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணித்தளங்களில் தொழிலாளர் வருகையைச் செயலி வழியாகவே பதிய வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. கூலி, கடன், படிப்பு, மருத்துவம் அனைத்தும் ஒரு வாயில் வழியாகச் செல்லும் காலம் இது. அந்த வாயிலின் உரிமையாளர்கள் இருவர். இருவரும் அமெரிக்க நிறுவனங்கள்.

அந்த உரிமையாளர்கள் இரண்டு வாதங்களை முன்வைக்கின்றனர். முதலாவது, தரமும் பாதுகாப்பும் தங்களால்தான் காக்கப்படுகின்றன என்பது. இரண்டாவது, அதற்காகத் தாங்கள் பெறும் கட்டணம் நியாயமானது என்பது. தரம், நியாயம் என்ற இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வதே பொதுவான வழக்கம். உண்மையில் இவை ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். பாதுகாப்பின் பெயரால் சுங்கம் வாங்குபவர், பாதுகாப்பு தவறும்போது பொறுப்பேற்கிறாரா என்பதே அந்தக் கேள்வி.

வாயில் எழுந்த வரலாறு

ஆப்பிள் நிறுவனம் தனது ஆப் ஸ்டோரை 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 செயலிகளுடன் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் ‘ஆண்ட்ராய்டு மார்க்கெட்’ என்ற பெயரில் தன் அங்காடியைத் தொடங்கியது. 2012 மார்ச்சில் அது ‘கூகுள் பிளே’ என்று பெயர் மாற்றம் பெற்றது. இந்தியாவில் பயன்பாட்டில் உள்ள திறன்பேசிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டில் இயங்குகின்றன. ஆகவே இந்தியாவைப் பொறுத்தவரை வாயில் என்றால் பெரும்பாலும் கூகுளின் வாயிலே.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நிரலாளர்களின் கூட்டுழைப்பில் வளர்ந்த கட்டற்ற மென்பொருள் அது. ஆண்ட்ராய்டின் மூலநிரலின் ஒரு பெரும்பகுதி இன்றும் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக உள்ளது. ஆனால் பிளே ஸ்டோரும் அதனோடு இணைந்த ‘பிளே சர்வீசஸ்’ என்ற அடுக்கும் கூகுளின் தனியுடைமை. அவை இல்லாத ஆண்ட்ராய்டு கைபேசியைச் சந்தையில் விற்பது கடினம். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட வரலாற்றை மூலதனத்தின் முதல் தொகுதியைப் படித்த தோழர்கள் அறிவர். இங்கே நிலம் பொதுவாகவே விடப்பட்டிருக்கிறது. அதற்குச் செல்லும் பாதையும் கிணறும்தான் வேலிக்குள் அடைபட்டுள்ளன.

வேலி எவ்வாறு இடப்பட்டது என்பதை இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று பிறப்பித்த உத்தரவு விளக்குகிறது. பிளே ஸ்டோர் வேண்டும் என்று கேட்கும் கைபேசி உற்பத்தியாளர், கூகுளின் பிற செயலிகளின் தொகுப்பு முழுவதையும் முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போடப்பட்டது. ஒன்றை விரும்பினால் அனைத்தையும் ஏற்க வேண்டும். இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று கண்ட ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆப்பிளின் வேலி இன்னும் உயரமானது. இந்தியாவில் ஐபோன் வாங்குபவர் ஆப்பிளின் அங்காடியைத் தவிர வேறு எந்த அங்காடியையும் அதில் நிறுவ முடியாது.

முப்பது சதவீதம் எதற்கான கூலி?

செயலிக்குள் விற்கப்படும் டிஜிட்டல் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் இந்த அங்காடிகள் நிர்ணயித்த கமிஷன் 30 சதவீதம். உணவு, வாடகைக் கார், துணிமணி போன்ற நேரடிப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் இது பொருந்தாது. பெரும்பாலான செயலிகள் கட்டணமற்றவை என்பதும் உண்மை. எதிர்ப்பு வலுத்த பிறகு, 2021இல் சிறு நிறுவனங்களுக்கான விகிதம் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சந்தாக்களுக்கான விகிதத்தைக் கூகுள் 2022 ஜனவரியில் 15 சதவீதமாக்கியது. இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், பாட்டோ கதையோ பாடமோ வாங்க ஒருவர் செயலிக்குள் செலுத்தும் 100 ரூபாயில் 15 முதல் 30 ரூபாய் வரை வாயிலின் உரிமையாளருக்குப் போகிறது.

இந்தியாவில் யுபிஐ வழியாக 100 ரூபாய் செலுத்துவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகச் செய்யும் பணப் பரிமாற்றத்திற்கு வணிகரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை. காய்கறிக் கடைக்காரருக்கு ஒரு பைசா பிடித்தமின்றிச் சென்று சேரும் அதே 100 ரூபாய், செயலி வாயில் வழியாகச் செல்லும்போது 85 ஆகவோ 70 ஆகவோ குறைகிறது. பணத்தைக் கடத்தும் செலவு இந்த வேறுபாட்டை விளக்காது.

அப்படியானால் இது என்ன? மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் நிலவாடகையை ஆராயும் மார்க்ஸ், அருவி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். அருவியின் விசையால் ஆலையை ஓட்டும் முதலாளிக்கு, நீராவியால் ஓட்டுபவரைவிடச் செலவு குறைகிறது. அந்தக் கூடுதல் ஆதாயத்தை அருவி அமைந்த நிலத்தின் உடைமையாளர் வாடகையாகப் பெற்றுக்கொள்கிறார். அருவியை அவர் உண்டாக்கவில்லை. அதன் விசையும் அவருடையதன்று. அருகில் செல்ல விடாமல் தடுக்கும் உரிமை மட்டுமே அவருடையது. செயலி அங்காடியின் கமிஷனில் ஒரு பகுதி உண்மையான சேவைக்கான கூலி என்று ஏற்கலாம். சேமிப்பகம், விநியோகம், சோதனை ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. மீதிப் பகுதி, தடுக்கும் அதிகாரத்திற்கான வாடகை.

இதைக் கூகுளின் நடைமுறையே உறுதிப்படுத்தியது. பிளே ஸ்டோரின் கட்டண முறை பற்றிய வழக்கில் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறருக்குக் கட்டாயமாக்கப்பட்ட கட்டண முறை கூகுளுக்குச் சொந்தமான யூடியூப் செயலிக்குக் கட்டாயமாக்கப்படவில்லை என்பதை அந்த உத்தரவு பாரபட்சம் எனச் சுட்டியது. உத்தரவுக்குப் பிறகு மாற்றுக் கட்டண முறை அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கமிஷனில் குறைந்தது 4 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. கூகுளின் கட்டண முறையைத் தொடவே தொடாத பரிவர்த்தனைக்கும் 11 அல்லது 26 சதவீதம் செலுத்த வேண்டும். சேவை பெறாதவரிடமும் வசூலிக்கப்படுவதற்கு வாடகை என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

காவலர் தூங்கிய இடம்

இனி, பாதுகாப்பு பற்றிய வாதம். கட்டணம் தரத்திற்கானது என்றால், அந்தத் தரம் யாரைக் காத்தது?

2020இல் பெருந்தொற்றும் ஊரடங்கும் கோடிக்கணக்கான உழைப்பாளிகளின் வருமானத்தைப் பறித்தன. வங்கி கடன் தராது. தெரிந்தவரிடமும் பணம் இல்லை. அந்த வேளையில் சில நிமிடங்களில் கடன் என்று அழைத்த செயலிகள் பிளே ஸ்டோரில் குவிந்தன. அவற்றின் செயல்முறை எளியது. செயலியை நிறுவும்போதே தொடர்பு எண்கள், படங்கள், செய்திகள் ஆகியவற்றைப் பார்க்க அனுமதி கேட்கப்படும். அனுமதி தராவிட்டால் கடன் இல்லை. அறிவித்த தொகையில் ஒரு பகுதி ‘செயலாக்கக் கட்டணம்’ என்று முன்கூட்டியே கழிக்கப்படும். தவணை ஏழு நாள், பதினைந்து நாள். தவறினால், கடன் வாங்கியவரின் கைபேசியில் உள்ள அத்தனை பேருக்கும் அழைப்பு போகும். சிதைத்து ஒட்டிய ஆபாசப் படங்கள் உறவினருக்கு அனுப்பப்படும். அவமானம் தாங்காமல் தெலங்கானா உள்ளிட்ட பல மாநிலங்களில் மனிதர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். அந்தக் காலத்துக் கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். இந்தப் புதிய கந்துவட்டிக்காரர், மக்கள் நம்பிய அங்காடியின் கதவைத் திறந்துகொண்டு கைபேசிக்குள்ளேயே நுழைந்தார்.

ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, அவ்வாண்டின் முதல் இரு மாதங்களில் 80க்கும் மேற்பட்ட செயலி அங்காடிகளில் சுமார் 1,100 கடன் செயலிகள் கிடைத்ததாகவும், அவற்றுள் 600 சட்டவிரோதமானவை என்றும் கூறியது. பாதிக்கு மேல்! கூகுள் 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 3,500 முதல் 4,000 கடன் செயலிகளை ஆராய்ந்து 2,500க்கும் மேற்பட்டவற்றை நீக்கியதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை மேலும் 2,200க்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன.

இந்த எண்ணிக்கைகளைக் கூகுளின் சாதனையாகக் காட்டுவது உண்டு. அவற்றைத் திருப்பிப் படிக்க வேண்டும். நீக்கப்பட்ட ஒவ்வொரு செயலியும் அதற்கு முன் அனுமதிக்கப்பட்ட செயலி. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்கக் கூடாது என்ற விதி கூகுளின் அங்காடியில் 2023 மே 31 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. கடன் வழங்குவதற்குத் தொடர்பு எண்கள் எதற்கு என்ற எளிய கேள்வியை, முதல் செயலி வந்து நின்றபோதே கேட்டிருக்க முடியும். சந்தா விற்ற நிறுவனம் கமிஷன் தரவில்லை என்பதை நுட்பமாகக் கண்டுபிடிக்கும் கண்கள், இதைக் காணத் தவறின. எங்கே வருமானம் இருக்கிறதோ அங்கே காவல் விழிப்பாக இருந்தது.

அரசின் வேகமும் இதைவிடச் சிறப்பாக இல்லை. சட்டப்பூர்வமான கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தயாரிக்கும், பட்டியலில் உள்ளவை மட்டுமே அங்காடிகளில் இருப்பதைத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் உறுதி செய்யும் என்று 2022 செப்டம்பரில் நிதியமைச்சர் தலைமையிலான கூட்டம் முடிவு செய்தது. ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பொதுப் பட்டியல் வெளியானது 2025 ஜூலை 1 அன்று. இடையே கழிந்தவை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அந்தப் பட்டியலும் கடன் நிறுவனங்கள் தாமே அளிக்கும் விவரங்களின் தொகுப்பே.

சட்டத்தின் கண்ணிலும் அங்காடிக்கு இரட்டை வேடம் கிடைத்திருக்கிறது. கமிஷன் கேட்கும்போது அது பொறுப்பான காவலர். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கும்போது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு காக்கும் வெறும் இடைநிலை நிறுவனம். சுங்கச்சாவடியில் பணம் கட்டிய வாகனம் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தால், ‘பாலத்திற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை’ என்று சொல்வதற்கு இது ஒப்பானது.

முதலாளிகளின் சண்டையும் தொழிலாளி வர்க்கத்தின் நிலைப்பாடும்

2024 மார்ச் 1 அன்று, கமிஷன் செலுத்தவில்லை என்ற காரணத்தைக் கூறி, பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை நீக்கும் நடவடிக்கையைக் கூகுள் தொடங்கியது. திருமணத் தகவல், வேலைவாய்ப்பு, ஒலிக்கதை ஆகிய துறைகளின் பெயர்பெற்ற செயலிகள் அவற்றுள் இருந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குகள் ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தன. உச்சநீதிமன்றம் பிப்ரவரியில் இடைக்காலப் பாதுகாப்பு தர மறுத்திருந்தது. ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகு, சில நாள்களில் செயலிகள் திரும்ப வைக்கப்பட்டன. கமிஷன் மட்டும் அப்படியே இருந்தது.

இந்நிகழ்வு இரு செய்திகளைக் கூறுகிறது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற பெரும் நிறுவனங்களின் தொழிலையே ஒரே நாளில் நிறுத்தும் ஆற்றல் அங்காடிக்கு இருக்கிறது. அப்படியானால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடச் செயலி ஒன்றைச் செய்யும் சிறு குழுவின் நிலை என்ன? அவர்களுக்காக அமைச்சர் தொலைபேசியை எடுப்பாரா?

அந்நிய ஏகபோகத்திற்கும் இந்திய முதலாளிகளுக்கும் இடையே உள்ள முரண்பாடு உண்மையானது. அதைப் புறக்கணிப்பது பிழை. அதில் கரைந்துபோவது அதைவிடப் பெரும் பிழை. கமிஷன் 30இலிருந்து 10 ஆகக் குறைந்தால், மீதம் 20 தானாகவே பயனாளரையோ மென்பொருள் ஊழியரையோ சென்றடையாது. சுதேசி என்ற முழக்கத்தையும் உற்று நோக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் 12 இந்திய மொழிகளில் ‘இண்டஸ் ஆப் ஸ்டோர்’ தொடங்கப்பட்டபோது, கூகுளுக்கு இந்தியாவின் பதில் என்று அது கொண்டாடப்பட்டது. அதை நடத்தும் போன்பே நிறுவனத்தின் பெரும்பான்மை உடைமை அமெரிக்காவின் வால்மார்ட்டிடம் உள்ளது. பொதுக் கட்டமைப்பான யுபிஐயிலும் பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி போன்பே, கூகுள் பே என்ற இரு செயலிகளின் கையில் இருக்கிறது. பாதையைப் பொதுப்பணத்தில் அமைத்துவிட்டு வாயிலைத் தனியாரிடம் விட்டால், ஏகபோகம் பெயர் மாறி மீண்டும் முளைக்கிறது.

ஆளும் வர்க்க அரசு இந்த முரண்பாட்டை எப்படிக் கையாள்கிறது? போட்டி ஆணையத்தின் உத்தரவை மேல்முறையீட்டில் விசாரித்த தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 2023 மார்ச் 29 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் பிற அங்காடிகளைப் பிளே ஸ்டோர் வழியாகவே நிறுவ விட வேண்டும் என்பது உள்ளிட்ட நான்கு கட்டளைகளை நீக்கியது. பணத்தைக் கட்டிவிட்டு வேலியை வைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள். 2025 மார்ச்சில் இரண்டாவது அபராதம் 936.44 கோடியிலிருந்து 216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது. மேல்முறையீடுகள் உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளன.

பெரும் டிஜிட்டல் நிறுவனங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. அது வரைவாகவே தேங்கியது. அதே காலத்தில், அந்நிய டிஜிட்டல் நிறுவனங்கள் மீதான சமன்படுத்தும் வரி மட்டும் விரைவாகப் போயிற்று. 2 சதவீத வரி 2024 ஆகஸ்ட் 1 முதலும், இணைய விளம்பரங்களின் மீதான 6 சதவீத வரி 2025 ஏப்ரல் 1 முதலும் நீக்கப்பட்டன. அமெரிக்கா இந்த வரிகளை நெடுங்காலமாக எதிர்த்து வந்தது என்பது தற்செயலான செய்தி அல்ல. ஏழைகள் வாங்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி விதிப்பதில் காட்டப்பட்ட உறுதி இங்கே காணப்படவில்லை.

பிற நாடுகளின் பாடம்

செயலிக்குள் குறிப்பிட்ட கட்டண முறையைத் திணிப்பதைச் சட்டம் மூலம் முதலில் தடுத்த நாடு தென்கொரியா, ஆண்டு 2021. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச் 7 முதல் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அதன் விளைவாக ஐரோப்பாவில் ஐபோனிலும் வேறு அங்காடிகள் இடம்பெற்றன. அங்காடிக்கு வெளியே மலிவாகக் கிடைப்பதைப் பயனாளருக்குச் சொல்ல விடாமல் தடுத்ததற்காக, 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஜப்பானின் திறன்பேசி மென்பொருள் போட்டிச் சட்டம் 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இவற்றைவிடக் கூர்மையான பாடம் அமெரிக்காவிலேயே கிடைத்தது. வெளி இணைப்புகளை அனுமதிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஆப்பிள் அவற்றை அனுமதித்தது. கூடவே, வெளியே நடக்கும் விற்பனைக்கும் 27 சதவீதம் கமிஷன் விதித்தது. இது நீதிமன்ற ஆணையை மீறிய செயல் என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளிக்கப்பட்டது. இந்தியாவில் கூகுள் செய்த 4 சதவீதக் குறைப்பும் இதே வகையைச் சேர்ந்ததே. விதியின் சொல்லுக்குப் பணிந்து பொருளைத் தோற்கடிக்கும் வழிகளைச் சட்டம் வகுக்கும்போதே அடைக்க வேண்டும்.

வாயில் அரசின் கைக்குப் போவது மட்டுமே தீர்வாகிவிடாது என்பதையும் மறக்கலாகாது. ரஷ்யாவில் 2021 செப்டம்பர் தேர்தலின்போது, அரசின் அழுத்தத்தால் எதிர்க்கட்சியினரின் வாக்களிப்பு வழிகாட்டிச் செயலியை ஆப்பிளும் கூகுளும் நீக்கின. 2025 அக்டோபரில், குடியேற்றக் காவலர்களின் நடமாட்டத்தைத் தெரிவித்த செயலியை அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதும் ஆப்பிள் நீக்கியது. வாயில் ஒன்றே என்றால், அதை மூட ஓர் உத்தரவு போதும். தொழிற்சங்கத்தின் செயலிக்கும் போராட்டக் குழுவின் செயலிக்கும் நாளை அதே நிலை வரலாம். ஆகவே ஏகபோகத்தை உடைப்பது பொருளாதாரக் கோரிக்கையாக இருப்பதோடு ஜனநாயகக் கோரிக்கையாகவும் இருக்கிறது.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

முதலாவது, பொறுப்பு. கமிஷன் பெறும் அங்காடி, தான் அனுமதித்த செயலியால் விளையும் மோசடிக்குச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். குறிப்பாகக் கடன், பந்தயம், முதலீடு ஆகிய துறைகளில், உரிமம் சரிபார்க்கப்படாத செயலியை அனுமதித்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும். இப்பொறுப்பை நிறைவேற்றாத அங்காடிக்கு 79ஆம் பிரிவின் பாதுகாப்பு இருக்கக் கூடாது.

இரண்டாவது, காரணம் கூறும் கடமை. செயலியை மறுத்தாலும் நீக்கினாலும் எழுத்துபூர்வமான காரணமும், குறித்த காலத்திற்குள் மனிதர் ஒருவர் ஆராயும் மேல்முறையீடும், அதற்கு மேல் சுதந்திரமான அமைப்பிடம் முறையிடும் உரிமையும் வேண்டும். பயனாளரின் புகாரைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெற்று விடையளிக்க வேண்டும்.

மூன்றாவது, சுங்கத்திற்கு உச்சவரம்பு. சேவைக்கு ஆகும் செலவை வெளிப்படையாகக் கணக்கிட்டு, ஒழுங்குமுறை அமைப்பு கமிஷனின் உச்சவரம்பை நிர்ணயிக்க வேண்டும். அங்காடியின் கட்டண முறையைப் பயன்படுத்தாதவரிடம் அதற்கான கட்டணம் வசூலிக்கத் தடை வேண்டும். தன் சொந்தச் செயலிக்கு ஒரு விதி, பிறருக்கு வேறு விதி என்பது முடிவுக்கு வர வேண்டும்.

நான்காவது, பொது அங்காடி. இந்திய அரசுக்கு ‘மொபைல் சேவா’ என்ற செயலி அங்காடி ஏற்கெனவே இருக்கிறது. அதில் 965 செயலிகள் உள்ளதாக 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் கூறப்பட்டது. அப்படி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவர்கள் சிலரே. அரசின் மேல் ஒரே அதிகாரியின் ஆணைக்குக் கட்டுப்படாத, நாடாளுமன்றத்திற்குப் பதில் சொல்லும், கட்டற்ற மென்பொருளில் அமைந்த பொது அங்காடியாக அது வளர்க்கப்பட வேண்டும். கட்டற்ற செயலிகளை மட்டும் தன்னார்வலர்கள் 2010 முதல் வழங்கிவரும் ‘எஃப்-டிராய்டு’ அங்காடி, விளம்பரமும் வேவும் இன்றி அங்காடி நடத்த இயலும் என்பதற்குச் சான்று. மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் செயலிகளின் மூலநிரல் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியரும் ஊரக வேலைத் தொழிலாளியும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்கைத் திறந்தால்தான் அரசு வேலையைச் செய்ய முடியும் என்ற நிலை அகல வேண்டும்.

ஐந்தாவது, வரி. இந்திய மக்களிடமிருந்து ஈட்டும் வருமானத்திற்கு இந்தியாவில் வரி என்ற நெறியை மீட்க வேண்டும். நீக்கப்பட்ட சமன்படுத்தும் வரிக்கு ஈடான ஏற்பாடு தேவை.

கிளைகளின் கடமை

இக்கோரிக்கைகள் மாநாட்டுத் தீர்மானங்களில் மட்டும் இருந்தால் போதாது. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழும் தமிழ் மக்களிடையே, ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் என்பதால் வங்கிக் கடன் எளிதில் எட்டாது. கடன் செயலிகள் தேடுவது இத்தகையோரையே. ஆகவே கிளைகள் செய்யக்கூடிய உடனடிப் பணிகள் உள்ளன.

கடன் செயலி எதையும் நிறுவும் முன், அது ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா, பின்னே நிற்கும் வங்கி அல்லது நிதி நிறுவனம் எது என்று பார்க்கக் கற்றுத் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் செயலி கைபேசியின் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் அழைப்பு விவரங்களையும் எடுக்கக் கூடாது. கேட்டாலே அது எச்சரிக்கை மணி. கடன் தொகை முழுவதும் வாங்குபவரின் வங்கிக் கணக்கிற்கு நேரடியாக வர வேண்டும். மிரட்டல் வந்தால் அழைப்புகளையும் செய்திகளையும் அழிக்காமல் பாதுகாத்து, 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்திலும் புகார் அளிக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, பாதிக்கப்பட்ட குடும்பம் அவமானத்தால் தனித்து ஒடுங்கிவிடாமல் தோழர்கள் அருகில் நிற்க வேண்டும். இந்தக் கொடுமையின் ஆயுதமே அவமானம். அக்கம்பக்கம் முழுவதும் உண்மையை அறிந்து துணைநின்றால் அந்த ஆயுதம் கூர் மழுங்கிவிடும்.

இப்படித் திரட்டப்படும் புகார்கள் தனிமனிதத் துயரங்களின் பட்டியலாக முடிந்துவிடாமல், பகுதிவாரியாகத் தொகுக்கப்பட்டு, நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் கட்சி உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளாக மாற வேண்டும். செயலி வழியாக வேலை பெறும் விநியோகத் தொழிலாளர் சங்கங்களும், மென்பொருள் ஊழியர் சங்கங்களும், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் இதில் இயல்பான கூட்டாளிகள். கைபேசியைச் செய்பவர், நிரலை எழுதுபவர், செயலியின் ஆணைக்கு வெயிலில் ஓடுபவர் என உழைப்பவர்கள் பலராக இருக்க, இடையே வாயில் வைத்துக் காசு பெறுபவர் இருவராக இருக்கின்றனர்.

சாலைகள் ஒருகாலத்தில் ஜமீன்களின் சுங்கச்சாவடிகளால் துண்டாடப்பட்டிருந்தன. அவை பொதுச் சாலைகளாக மாறியது உடைமையாளர்களின் பெருந்தன்மையால் நிகழவில்லை.  சுங்கம் வாங்குபவர் சாலைக்குப் பொறுப்பேற்கட்டும் என்பது இன்றைய கோரிக்கை. சாலை மக்களுடையதாகட்டும் என்பது அதன் தொடர்ச்சி. முதற்கோரிக்கைக்காக நடத்தப்படும் போராட்டமே இரண்டாவதற்கான வலிமையைத் திரட்டித் தரும்.